வெள்ளி பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு

ஆமூன் கோயிலின் தாயத்து வார்ப்போர் தலைவர், எஸ்பெனான்க் மகன் பதிகோன்சு ஐயா அவர்களுக்கு,



நீங்கள் எழுதிக் கொடுத்த ரசீது பத்திரமாக இருக்கிறது. மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன். கொடுக்கல் வாங்கலில் கைமாறிய தாள் எங்கே கிடக்கிறதோ என்ற கவலை யாருக்கும் இருக்கும். இப்போது அது லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1971-இல் எட்வர்ட்ஸ் என்ற எகிப்தியவியல் அறிஞர் அந்தப் பாப்பிரஸைப் படித்துப் பொருள் சொல்லி வெளியிட்டார். நீங்கள் எழுதிய நாளுக்கும் நான் படித்த நாளுக்கும் நடுவே ஏறத்தாழ 2,800 ஆண்டுகள்.

எஸ்பெர்னூப் என்ற பூசாரி உங்களிடம் வந்திருக்கிறார். அவருடைய அப்பா இஹாஃபியும் பூசாரிதான். அப்பாவின் கல்லறையில் வைக்க ஷப்தி என்னும் பொம்மைகள் வேண்டும்: வேலையாட்கள் 365, அவர்களை வேலை வாங்கக் கங்காணிகள் 36, ஆக மொத்தம் 401. கூட்டுத்தொகையையும் நீங்களே போட்டிருக்கிறீர்கள். ஆமூன் மேல் ஆணையாக இவற்றுக்குரிய வெள்ளி என் மனம் நிறையும்படி வந்து சேர்ந்தது என்கிறீர்கள். இவர்கள் ஆண் அடிமைகளும் பெண் அடிமைகளும் ஆவர் என்கிறீர்கள். இதுவரை எல்லா விலைச்சீட்டும் பேசுகிற பேச்சுதான். அடுத்த வரியில்தான் சங்கதி இருக்கிறது. அதுவரை வாங்கியவரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், சட்டென்று பொம்மைகளின் பக்கம் திரும்புகிறீர்கள். சீக்கிரம் போய் இஹாஃபிக்கு வேலை செய்யுங்கள். அன்றன்றைய ஊழியத்துக்கு அவர் எப்போது கூப்பிட்டாலும் செய்கிறோம் என்று சொல்லுங்கள். உங்களுக்கான வெள்ளியை நான் வாங்கிவிட்டேன். இவ்வளவுதான் நீங்கள் அவர்களிடம் சொன்னதன் சாரம்.

அப்படித் திரும்பிப் பேசினீர்களே, அதற்காகத்தான் இந்த நன்றி. உங்கள் நாட்டு அரசர்கள் மலையைக் குடைந்து சுவர் சுவராக எழுதினார்கள். கடவுளரைப் பார்த்துப் பேசினார்கள், பேசியதெல்லாம் தங்களைப் பற்றியே. விற்ற சரக்கைப் பார்த்து, விலை வாங்கியாயிற்று, இனிப் போய் வேலையைப் பார் என்று உத்தரவு போட்ட கைவினைஞரின் குரலை நான் உங்களிடம்தான் கேட்டேன்.

இது திறந்த மடல், ஐயா. உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையும் நடுநடுவே விளக்கிக்கொண்டு போவேன். உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் காலத்தில் ஆண்டுதோறும் கோடையில் நைல் பொங்கும். வெள்ளம் வடியும்போது வரப்பு கரைந்திருக்கும், வாய்க்கால் தூர்ந்திருக்கும், யார் நிலம் எங்கே முடிகிறது என்பதே தெரியாது. கரை கட்ட வேண்டும், வண்டல் அள்ள வேண்டும், விதைப்புப் பருவம் தப்புவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அரசாங்கம் ஆள் கேட்கும். எழுத்தர் வந்து பெயர் எழுதுவார். பெயர் எழுதப்பட்டவர் போயாக வேண்டும். விரும்பிப் போகிற கூலி வேலை அல்ல அது, வெட்டி ஊழியம். புரூக்ளின் அருங்காட்சியகத்தில் ஒரு பாப்பிரஸ் இருக்கிறது, உங்களுக்கு ஆயிரம் ஆண்டுகள் அளவுக்கு மூத்தது. பெயர் எழுதியும் போகாமல் ஓடிப்போனவர்களின் பட்டியல் அதில் இருக்கிறது. எண்பது பேர் அளவில், பெயர், தகப்பன் பெயர், ஆணா பெண்ணா, வழக்கு முடிந்ததா என்று வரிசையாகக் குறித்திருக்கிறார்கள். ஓடியவருக்குப் பதிலாக வீட்டாரைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆள் அகப்பட்ட பிறகு வீட்டாரை விடுவித்ததும் பதிவாகியிருக்கிறது.

இப்படி ஒரு நாட்டில் பிறந்தவர்கள் மறுவுலகத்தைக் கற்பனை செய்தபோது அங்கேயும் ஆற்றங்கரையையும் வயலையுமே வைத்தார்கள். நாணல் வயல் என்று அதற்குப் பெயர். எல்லாம் இங்கே இருப்பதுபோலத்தான், விளைச்சல் மட்டும் பலமடங்கு: இறந்தோர் நூல் என்ற மந்திரத் தொகுப்பின் கணக்குப்படி அங்கே கோதுமைப் பயிர் ஏழு முழம் வளரும். கல்லறை கட்டும் தொழிலாளர்கள் வாழ்ந்த டெய்ர் எல்-மதீனாவில், செனெஜெம் என்பவரின் கல்லறையை 1886-இல் திறந்தார்கள். அதன் சுவரில் அவரும் மனைவி இய்னெஃபெர்தியும் நாணல் வயலில் உழுகிறார்கள், அறுக்கிறார்கள். இருவர் மேலும் வெள்ளை வெளேரென்ற மெல்லிய துணி. சேறு ஒரு பொட்டுக்கூட இல்லை. வேளாண்மை தெரிந்த யாரும் அந்த உடையில் வயலில் இறங்கமாட்டார்கள். அதே கல்லறையில் அந்தக் குடும்பத்தாரின் ஷப்திப் பொம்மைகளும் அவற்றை வைக்கும் வர்ணப் பெட்டிகளும் கிடைத்தன. வெள்ளைத் துணி ஏன் வெள்ளையாகவே இருந்தது என்பதற்கு அந்தப் பெட்டிகளில் பதில் இருந்திருக்கிறது.

நாணல் வயலுக்கும் ஒரு ராஜா உண்டு, ஒசிரிஸ். ராஜா இருந்தால் ஆள் கேட்பார். அங்கேயும் பெயர் கூப்பிடுவார்கள். அந்த நேரத்துக்காகத்தான் ஷப்தி. உங்கள் பட்டறையில் செய்த பொம்மைகளின் உடம்பில் வழக்கமாக எழுதப்படும் மந்திரம், இறந்தோர் நூலின் ஆறாவது பகுதி, சொல்வது இதைத்தான்: மறுவுலகில் இன்னாரை வேலைக்கு அழைத்தால், வயலைப் பண்படுத்த, கரையோர நிலத்துக்கு நீர் பாய்ச்ச, மணலைக் கிழக்கிலிருந்து மேற்குக்குச் சுமக்க அழைத்தால், பொம்மையே, இதோ இருக்கிறேன் என்று நீ சொல்ல வேண்டும். மந்திரத்தில் போர் இல்லை, பூதம் இல்லை, நரகத் தீ இல்லை. மண்வெட்டியும் கூடையும் தண்ணீரும் மணலும்தான். சாவுக்குப் பிறகும் ஒரு மனிதன் பயந்தது வருகைப் பதிவேட்டுக்கு.

எனக்கு இந்தப் பயம் பிடித்திருக்கிறது. இறந்த பிறகு பொன்னும் மதுவும் தேவகன்னியரும் வேண்டும் என்று கேட்டவர்களைவிட, தயவுசெய்து என்னை வாய்க்கால் வெட்டக் கூப்பிடாதீர்கள் என்று கேட்டவர்களோடு எனக்குச் சுலபமாக ஒட்டுகிறது.

ராஜாக்களுக்கும் அதே பயம். உயிரோடிருந்தபோது மண்வெட்டிக் காம்பு எந்தப் பக்கம் என்று தெரியாதவர்கள். ஆனால் ஒசிரிஸின் அரசில் அவர்களும் குடிமக்களே. 1922-இல் துத்தன்காமுனின் கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்தபோது அதில் 413 ஷப்திகள் இருந்தன. உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: வேலையாள் 365, கங்காணி 36, அதற்கும் மேல் மாதத்துக்கு ஒருவராகப் பெரிய கங்காணி 12. கூடவே சின்னச் சின்ன மண்வெட்டி, கூடை, காவடி என்று 1,866 கருவிகள். பதின்ம வயதிலேயே செத்துப்போன பையன். அவனுக்காகச் சேனாதிபதி நக்த்மின் ஐந்து பொம்மைகளும் கருவூல அதிகாரி மாயா ஒன்றும் தங்கள் பெயர் பொறித்துக் கொடுத்திருக்கிறார்கள். ராஜாவுக்குப் பரிசு என்று யோசித்தபோது அந்தப் பெரிய மனிதர்களுக்குத் தோன்றியது, அவனுக்குப் பதிலாக வேலைக்குப் போக ஓர் ஆள். ஒசிரிஸையே ஓரம் கட்டிய அக்நாதன்கூட ஷப்திகளை விடவில்லை. அவனுடைய பொம்மைகளின் உடைந்த துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. கொள்கை வேறு, வாய்க்கால் வெட்டுவது வேறு.

இந்த 401 என்ற எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 365 நாள், நாளுக்கு ஓர் ஆள். உங்கள் நாட்டில் வாரத்துக்குப் பத்து நாள், அதனால் பத்துப் பேருக்கு ஒரு கங்காணி. பெருக்கிப் பார்த்தால் 36 கங்காணிகளுக்கு 360 ஆட்கள்தான் ஆகிறது. ஐந்து பேர் மிச்சம். ஆண்டின் கடைசியில் எந்த மாதத்திலும் சேராமல் நிற்கும் ஐந்து நாட்களின் ஆட்கள் அவர்கள். ஒசிரிஸும் ஐசிஸும் அவர்களின் உடன்பிறந்தோரும் பிறந்ததாகச் சொல்லப்படும் நாட்கள். அந்த ஐந்து பேர் தலைமேல் சாட்டை இல்லை. நீங்கள் இதைக் கவனித்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். கணக்குத் தெரிந்த மனிதர்.

உங்கள் தொழிலின் பழைய கதைக்கு வருகிறேன். ஷப்தி வருவதற்கு முன்னால் கல்லறைகளில் மரத்தில் செய்த சிறு வேலையாட்கள் இருந்தார்கள். மெகெத்ரே என்ற பெரிய அதிகாரியின் கல்லறையில் 1920-இல் ஹெர்பர்ட் வின்லாக் கண்டெடுத்தது ஒரு முழுப் பண்ணை: களஞ்சியம், ரொட்டி அடுப்பு, மது வடிக்கும் கூடம், தறிக்கொட்டகை, ஆடுமாடு, படகுகள், எல்லாவற்றிலும் ஒரு சாண் உயர மனிதர்கள் குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்துகொண்டு. பார்க்கப் பார்க்கத் திகட்டாது. ஆனால் அவர்கள் ஷப்திகள் அல்ல. அவர்கள் மெகெத்ரேயின் வீட்டு வேலையாட்கள். அவருக்கு ரொட்டி சுட்டார்கள். அவர் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து நிற்கும் வேலை அவர்களுக்கு இல்லை.

அந்த வேலைக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் அந்த ஆள் இறந்தவரேதான். மத்திய இராச்சியம் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் காலத்தில் ஷப்தி ஒன்றோ இரண்டோ இருக்கும். துணி சுற்றிய பிணத்தின் வடிவில், இறந்தவரின் பெயரோடு, கையில் கருவி எதுவும் இல்லாமல் அது நிற்கும். அதை அடிமை என்று சொல்ல முடியாது. அது அவருடைய இன்னொரு உடம்பு. எழுத்தர் பெயர் கூப்பிட்டால் அந்தப் பெயருக்கு உரிமையுள்ள ஒருவன் எழுந்து போகிறான், அவ்வளவுதான். பிறகு பதினெட்டாம் வம்சத்தில் அதன் கைகளில் மண்வெட்டி வந்தது, முதுகில் கூடை வந்தது. எண்ணிக்கை கூடியது. ஒன்று பத்தாகி, நூறாகி, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றானது. கூட்டம் சேர்ந்ததும் மேற்பார்வைக்கு ஆள் தேவைப்பட்டது. உங்கள் காலத்துக் கங்காணிப் பொம்மை பிணத்தைப்போலத் துணி சுற்றிக்கொண்டு நிற்பதில்லை. உயிருள்ள அதிகாரியைப்போல முன்பக்கம் விரிந்த அரையாடை, கையில் சாட்டை. எஜமானின் சொந்த உருவமாகத் தொடங்கியது, உங்கள் ரசீதில் ஆண் அடிமையும் பெண் அடிமையுமாக முடிகிறது. இந்தப் பயணம் நடந்து முடிய ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. அது முடிந்த இடத்தைப் பூசி மெழுகாமல் எழுதி வைத்தவர் நீங்கள்.

சிலர் இதை இன்னும் பின்னால் இழுத்துப்போவார்கள். முதல் வம்சத்து அரசர் ஜெரின் அபிதோஸ் கல்லறையைச் சுற்றி முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு குழிகள் இருக்கின்றன. அரசரோடு போக வேண்டியவர்கள் அவற்றில் கிடந்தார்கள். மனிதரைக் கொன்று புதைத்த வழக்கம்தான் பின்னால் பொம்மையாக நாகரிகம் அடைந்தது என்று அழகாக ஒரு கதை கட்டுவார்கள். நான் அதை ஏற்பதில்லை. நடுவே ஆயிரம் ஆண்டு இடைவெளி இருக்கிறது. ஷப்தியின் முதல் வடிவம் பலி கொடுத்த வேலையாளின் சாயலிலும் இல்லை. இறந்தவரின் சாயலில் இருக்கிறது.

இனி ரசீதின் நடுநரம்பு. பொம்மைக்குக் காசு கொடுத்ததற்குக் கடவுள் பேரில் ஆணையிட்டு எழுத்து எதற்கு? பானை வாங்கினால் யாரும் பானையைப் பார்த்து, உனக்கு விலை கொடுத்தாயிற்று என்று சொல்வதில்லை. விடை உங்கள் காலத்துக்குக் கொஞ்சம் முந்திய ஓர் அம்மாளிடம் இருக்கிறது. நெஸ்கோன்ஸ், ஆமூனின் தலைமைப் பூசாரி இரண்டாம் பினெஜெமின் மனைவி. அவருடைய ஷப்திகளுக்காக ஆமூன் கடவுளே அருள்வாக்காக ஓர் ஆணை பிறப்பித்து, அதை மரப்பலகையில் எழுதி வைத்தார்கள். ஒரு பலகை பாரிஸ் லூவ்ரில், இன்னொன்று பிரிட்டிஷ் மியூசியத்தில். ஃபயான்ஸ் என்ற நீல மெருகுப் பொருளில் அவற்றை வார்த்தவர்களுக்குக் கொடுத்த விலையே பொம்மைகளுக்குக் கொடுத்த கூலி. ஆகவே பொம்மைகள் அம்மாளுக்கு வேலை செய்யக் கடமைப்பட்டவை. ஆணையின் சட்ட நுணுக்கம் இது. (அதே நெஸ்கோன்ஸுக்காக எழுதிய இன்னோர் ஆணையில், அவர் தெய்வமாகிவிட்ட பிறகு கணவருக்குத் தீங்கு எதுவும் செய்யக்கூடாது என்றும் ஆமூன் சொல்கிறார். அந்த வீட்டில் என்ன நடந்ததோ, பினெஜெம் முன்னெச்சரிக்கைக்காரர்.)

ஆக, பொம்மை மறுக்கலாம் என்ற பயம் இருந்திருக்கிறது. யாருக்கு உழைக்க வேண்டும், ஏன் உழைக்க வேண்டும் என்று அது கேட்கலாம். கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும். மூன்று அங்குல உருவமானாலும் கூலி கொடுக்காமல் வேலை வாங்க முடியாது என்று நம்பிய நாடு அது. இதே நாட்டில்தான் மனிதரை வெட்டிக்குப் பிடித்துப் போனார்கள், ஓடினால் வீட்டாரைப் பிடித்து வைத்தார்கள். இரண்டும் ஒரே எழுத்தரின் கை, ஒரே பாப்பிரஸ், ஒரே மை.

கூலி கிடைத்தது யாருக்கு என்பதையும் நான் கேட்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளி உங்கள் மடியில். உத்தரவு அவர்கள் தலையில். எங்கள் காலத்தில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுகள் இப்படித்தான்: பணம் இந்தக் கையில் வாங்கிக்கொண்டு, அந்தக் கையால் பாஸ்போர்ட்டை நீட்டி, போ, போய் நல்ல பெயர் எடு என்பார்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஏஜென்டுகள் ரசீது தருவதில்லை. நீங்கள் தந்தீர்கள், யாருடைய உழைப்புக்கு, யாரிடமிருந்து, யார் வாங்கியது என்று மூன்று பெயரையும் எழுதித் தந்தீர்கள். அடிமை என்ற சொல்லையும் பணியாளர், ஊழியர், குடும்பத்தில் ஒருவர் என்றெல்லாம் மழுப்பாமல் எழுதினீர்கள். உழைப்பு கைமாறிய வரலாற்றில் இப்படி நேராக எழுதியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

கூலி என்றால் என்ன என்று உங்கள் நாட்டுக் கைவினைஞர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உங்களுக்குச் சில நூற்றாண்டுகள் முன்னால், மூன்றாம் ரமேசஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், டெய்ர் எல்-மதீனாத் தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு வெளியே வந்து கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். தானியப் படி வரவில்லை, பசிக்கிறது, மீன் இல்லை, எண்ணெய் இல்லை, துணி இல்லை. அது எழுதப்பட்ட பாப்பிரஸ் இத்தாலியின் துரின் நகரில் இருக்கிறது. வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று சொல்கிறார்கள். ராஜாவின் மறுவுலக வீட்டைக் கட்டுகிறவனே பசியோடு உட்கார்ந்துவிட்டால், அந்த வீட்டுக்குள் வைக்கிற பொம்மை மட்டும் சும்மா உழைக்குமா? உங்கள் ரசீதைப் படிக்கும்போது அந்தக் கோயில் பின்சுவர் எனக்கு நினைவுக்கு வந்தது.

உங்கள் கைத்திறமைக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஃபயான்ஸ் என்று நாங்கள் சொல்வது களிமண் அல்ல, வெண்ணிறக் குவார்ட்ஸ் மணலின் மாவு. அதோடு கொஞ்சம் சுண்ணாம்பு, நேட்ரான் உப்போ செடிச் சாம்பலோ, நிறத்துக்குச் செம்புத்தூள். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் களிமண்ணின் இழுவை அதற்கு வராது. கொஞ்சம் அழுத்தினால் விரிசல் விடும், கொஞ்சம் விட்டால் சரியும். அதனால்தான் திறந்த அச்சில் அமுக்கி எடுத்தீர்கள். காயும்போது உள்ளிருக்கும் உப்பு மேலே வந்து தோலாகப் படியும். சூளையில் அந்தத் தோலே உருகிக் கண்ணாடி ஆகும். மேலே தனியாக மெருகு பூசாமலே தானாக மெருகேறுகிற பொருள். அது நீலமாகி வெளியே வரும் வரைக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. உங்கள் காலத்துக்குக் கொஞ்சம் முந்திய பினெஜெம்களின் பொம்மைகளில் அந்த நீலம் இன்னும் கண்ணைப் பறிக்கிறது, மேலே கறுப்பில் எழுத்து. ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் எடுத்த பொம்மைகளில் சிலவற்றுக்கு மூக்கு நசுங்கியிருக்கும், எழுத்து ஓடியிருக்கும், பெயர் பாதியில் நின்றிருக்கும். எனக்கு அவற்றைத்தான் அதிகம் பிடிக்கும். சாயங்காலம் ஆகிவிட்டது, இன்னும் நாற்பது பாக்கி என்று யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள்.

அவசரமே இல்லாமல் செய்தவையும் உண்டு. பதினேழாம் வம்சக் காலத்தில் தீப்ஸின் மேற்குக் கரையில் மரக்குச்சியை நாலைந்து செதுக்கு செதுக்கி, தலை இது கால் இது என்று தெரிந்தால் போதும் என்று விட்டு, இறந்தவர் பெயரோடு கொடுத்த உறவினர் பெயரையும் எழுதி, சிறு மரப்பெட்டியில் போட்டு வைத்தார்கள். நீங்கள் அவற்றைப் பார்த்திருந்தால் தொழில்முறையில் சிரித்திருப்பீர்கள். அவற்றுக்கு ரசீது இல்லை. தம்பிக்காக அண்ணனோ அம்மாவுக்காக மகனோ செதுக்கியதற்கு யார் யாருக்கு வெள்ளி தருவது?

உங்களுக்குப் பிறகு தொழில் நடந்த விதத்தையும் சொல்கிறேன், ஆர்வம் இருக்கும். தெற்கே நூபியாவிலிருந்து வந்து எகிப்தை ஆண்ட தஹர்கா, நூரியில் தன் பிரமிடுக்கடியில் 1,070 கல் ஷப்திகளை வைத்துக்கொண்டார். 1917-இல் ஜார்ஜ் ரைஸ்னர் இறங்கிப் பார்த்தபோது அவை வரிசை வரிசையாக இருந்தன. உங்கள் பட்டியலைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். நாளுக்கு ஓர் ஆள் என்ற கணக்கையே கடாசிவிட்டார். சக்காராவில் ஏபிஸ் காளைகளுக்கும் ஷப்தி உண்டு, மனித உடம்பும் காளைத் தலையுமாக. உயிரோடிருந்தபோது தெய்வமாக வைத்துத் தீனி போட்ட காளைக்கு, செத்த பிறகு உழக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்திருக்கிறார்கள்.

ஹவாராவில் ஹொருஜா என்ற பூசாரி, முப்பதாம் வம்சத்தவர். அவர் கல்லறைக் குழியில் உப்புத் தண்ணீர் நிறைந்திருந்தது. 1888 வாக்கில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியும் அவருடைய எகிப்தியத் தொழிலாளர்களும் அந்தத் தண்ணீரிலும் இருட்டிலும் நின்று பொம்மைகளை எடுத்தார்கள். பெட்ரியின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது; கழுத்தளவு தண்ணீரில் துழாவிய மற்றவர்களின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெளியே வந்த எண்ணிக்கை 399. வழக்கமான கணக்குக்கு இரண்டு குறைவு. புரூக்ளின் பட்டியலில் வருகிறவர்களைப்போல அந்த இருவரும் வேலைக்கு அழைப்பு வருமுன் ஓடிப்போயிருந்தால் எனக்குச் சந்தோஷமே. மிச்சமிருந்தவர்கள் உலகத்தின் பல அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து போனார்கள். ஒரே குழியில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் தோளோடு தோள் நின்றவர்கள் இப்போது ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு பதிவு எண்ணோடு.

தாலமிகள் ஆண்ட காலத்தில் உங்கள் தொழில் நின்றுபோனது. நாணல் வயலுக்குப் பொம்மை அனுப்பும் தேவை மக்களுக்குப் படிப்படியாக இல்லாமல் போனது. வெட்டி மட்டும் நிற்கவில்லை. சூயஸ் கால்வாயின் தொடக்க ஆண்டுகளில், 1860-களில்கூட, எகிப்திய உழவர்களை ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு போய்த்தான் மண் அள்ள வைத்தார்கள். அவர்களுக்குப் பதிலாக எழுந்து, இதோ இருக்கிறேன் என்று சொல்ல யாரும் இல்லை. மணலைக் கிழக்கிலும் மேற்கிலுமாக அவர்களே கொட்டினார்கள்.

நன்றியைத் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டுத்தொகை போட்டதற்கு நன்றி. அப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் சேர்த்து உங்கள் பெயரை எழுதியதற்கு நன்றி. எண்ணற்ற ஷப்திகளைச் செய்தவர்களில் பெயர் தெரிந்தவர்கள் அபூர்வம். பொம்மைகளிடம் மறைக்காமல், உங்களுக்கு விலை வாங்கிவிட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னதற்கு எல்லாவற்றையும்விட அதிகமான நன்றி.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். 365 பேருக்கும் 36 பேருக்கும் சேர்த்து ஒரே வெள்ளியாக வாங்கியிருக்கிறீர்கள். சாட்டை பிடித்தவனுக்கும் மண்வெட்டி பிடித்தவனுக்கும் ஒரே விலைதானா, இல்லை, கங்காணிக்குக் கூடுதலாகப் போட்டீர்களா? எஸ்பெர்னூப் பேரம் பேசினாரா? அந்த மிச்சமிருந்த ஐந்து பேருக்கு ஏதாவது தள்ளுபடி உண்டா?


உங்கள் ரசீதைப் படித்த ஒரு தமிழ் வாசகர்